கோர்வேர் வாங்குவதானால் எந்த வருஷத்து வண்டி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒரு தம்பி. "அண்ணே, பழைய கோர்வேர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நாலு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். எதை எடுக்கட்டும்?" என்றார். கோர்வேர் என்பது 1960-களில் ஷெவர்லே செய்த, பின்னால் இன்ஜின் வைத்த கார்; மான்சா, கோர்சா எல்லாம் அதன் வகைப் பெயர்கள். நாலும் டெட்ராய்ட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் இருப்பவை. ஒன்று 1963 மான்சா கூப்பே. அடுத்தது 1964 மான்சா கன்வர்டிபிள். மூன்றாவது 140 குதிரைசக்தி இன்ஜின் போட்ட 1966 கோர்சா. நாலாவது 1967 மான்சா, நான்கு கதவு, ஆட்டோமேட்டிக். 63 மலிவு, 66 விலை கூடுதல், மற்ற இரண்டும் நடுவில்.

படங்களும் அனுப்பியிருந்தார். கன்வர்டிபிள் நல்ல சிவப்பு. அவர் மனசு எங்கே போயிருக்கிறது என்று கேட்காமலே தெரிந்தது. "நிறம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வருஷத்தைப் பேசுவோம்" என்றேன். மற்ற பழைய அமெரிக்க வண்டிகளில் 63-க்கும் 64-க்கும் கிரில்லும் விளக்கும்தான் மாறியிருக்கும். கோர்வேர் அப்படியில்லை. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தால் பின் சஸ்பென்ஷனே வேறாக இருக்கும். அன்று போனில் பேசியதையும் பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேராவது இருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1950-களின் கடைசியில் வோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்காவில் விற்ற வேகத்தைப் பார்த்து, டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் சிறிய வண்டி செய்யக் கிளம்பின. ஃபோர்டு ஃபால்கனும் பிளிமத் வேலியன்ட்டும் வழக்கமான அமைப்புதான். இன்ஜின் முன்னால், ரேடியேட்டரில் தண்ணீர், பின்னால் ஒரே கட்டையாக ஆக்சில். ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவுக்குத் தலைவராக இருந்த எட் கோல் மட்டும் துணிந்து வேறு பக்கம் போனார். ஆறு சிலிண்டர்களையும் பக்கத்துக்கு மூன்றாகப் படுக்க வைத்த அலுமினிய இன்ஜின், காற்றாலேயே குளிர்வது, அதுவும் வண்டியின் பின்னால். டிக்கி முன்னால். டாடா நானோவில் பின் சீட்டைத் தூக்கி இன்ஜினைத் தேடியவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. ஆனால் 1959 அக்டோபரில் ஷோரூமுக்குள் நுழைந்த அமெரிக்கருக்கு இருந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத இப்சிலான்டி பக்கம், வில்லோ ரன் ஆலையில்தான் பெரும்பாலான கோர்வேர்கள் உருவாயின. போர்க்காலத்தில் ஃபோர்டு பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்து குவித்த அதே வில்லோ ரன்.

இனி தம்பியின் நாலு வண்டிகள்.

63: மலிவுக்குக் காரணம் உண்டு

1960 முதல் 1963 வரை வந்த கோர்வேர்களில் வருஷா வருஷம் மாற்றம் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். 1960-ல் இன்ஜின் 140 கன அங்குலம், நம் கணக்கில் 2.3 லிட்டர், 80 குதிரைசக்தி. குளிருக்கு ஹீட்டர் என்று பெட்ரோலைத் தனியாக எரிக்கும் அடுப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். இன்ஜின் குடிப்பது போதாதென்று அதுவும் குடிக்கும். ஸ்டெப்னி டயர் முன் டிக்கியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1961-ல் அதைப் பின்னால் இன்ஜின் அறைக்குள் கொண்டுபோனார்கள், சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாக்கி 145 கன அங்குலம் ஆக்கினார்கள், நான்கு கியர் பெட்டி வந்தது. ஸ்டேஷன் வேகன், கிரீன்பிரையர் வேன், பக்கவாட்டில் சரிவுப்பலகை இறங்கும் பிக்கப் எல்லாம் அந்த வருஷம்தான். 1962 வசந்தத்தில் கன்வர்டிபிளும், டர்போ வைத்த 150 குதிரைசக்தி மான்சா ஸ்பைடரும் வந்தன. ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஸ்பைடரும்தான் சாமானிய மக்கள் கடையில் போய் வாங்க முடிந்த முதல் டர்போ கார்கள். 1963-ல் பிரேக் தானாகவே அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் வசதி வந்தது. சொல்லும்படியாக வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

பிரச்சினை பின் சக்கரங்களில். ஆங்கிலத்தில் ஸ்விங் ஆக்சில் என்பார்கள். ஒரு குச்சியின் நுனியில் தட்டை ஆணியடித்து நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிதான் ஆக்சில், தட்டு சக்கரம். குச்சியின் மறு முனை, நடுவிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் கீல் போட்டு நிற்கிறது. நடுப்பகுதி மேலே எழும்பினால் தட்டும் அதோடு சாய்ந்து, அடிப்பாகம் உள்ளே போகும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் எழும்பும். வெளிப்புறச் சக்கரம் அடியில் மடங்கும். டயர் தன் ஓரத்தில் நிற்கும். பிடி போய்விடும். அந்த இடத்தில் வண்டியின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதால், வால் வெளியே வீசினால் நல்ல பலமாகவே வீசும்.

ஷெவர்லே இதற்குக் கொடுத்த மருந்து டயர் காற்று. முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. முன் டயர் தொளதொளவென்று இருந்தால் வளைவில் முதலில் முன்பக்கம்தான் விலகும். ஓட்டுபவர் பயந்து வேகத்தைக் குறைப்பார். பின்பக்கத்துக்கு வேலையே வராது. கணக்கு சரிதான். ஆனால் உலகத்தில் எந்தப் பெட்ரோல் பங்க் பையன் முன்னால் 15 பவுண்டு பிடிப்பான்?

நான் வைத்திருப்பதும் 63 மான்சாதான். வாங்கின புதிதில் எனக்கும் இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஒரு டயர் கடையில் நாலு டயரும் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நாலிலும் 32 பவுண்டு அடித்து அனுப்பியிருந்தார்கள். ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவு, லேசான தூறல். வேகம் அதிகமில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், முன்பக்கம் கத்தி போலத் திரும்பியது. அடடா, என்ன அருமையாக ஓடுகிறது என்று நினைத்து முடிப்பதற்குள் இடுப்புக்குக் கீழே சீட் பக்கவாட்டில் நகர்வது போல ஒரு உணர்வு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அதுதான் செய்யக்கூடாதது. கால் எடுத்ததும் எடை முன்னால் போய், பின்பக்கம் இன்னும் எழும்பி, சக்கரம் இன்னும் மடங்கும். வண்டி பாதி சுற்றிப் புல்லில் ஏறி நின்றது. பின்னால் யாரும் வரவில்லை. நான் அப்படியே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையேட்டை எடுத்துப் படித்தேன். இப்போது டேஷ்போர்டில் மார்க்கரால் 15/26 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முன்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் பார், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டு, போட்டிருந்தால் இந்தக் குணம் வெகுவாக அடங்கியிருக்கும். செலவைப் பார்த்து அதை விட்டுவிட்டார்கள். பின்னர் 1962-ல், கேட்டுக் காசு கொடுப்பவருக்கு மட்டும், முன்பக்க பாரும் பின் ஆக்சில் அளவுக்கு மேல் தொங்காமல் தடுக்கும் பட்டைகளும் சேர்ந்த ஒரு தொகுப்பாக விற்றார்கள். 62, 63 வாங்குபவர்கள் அடியில் படுத்து அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி பார்த்த வண்டியில் இல்லை.

அமெரிக்கக் கார்கள் ஆபத்தானவை என்று வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965 நவம்பரில் வெளியிட்ட புத்தகத்தின் முதல் அத்தியாயம் இந்த வண்டிகளைப் பற்றியதுதான். நேடர் சொன்னது தவறு என்று கோர்வேர் பிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுவார்கள். அரசே ஃபால்கன், வேலியன்ட், வோக்ஸ்வாகன் போன்ற வண்டிகளோடு சேர்த்துச் சோதித்து, இது அந்தக் காலத்து மற்ற வண்டிகளைவிட மோசமில்லை என்று 1972-ல் அறிக்கை கொடுத்ததையும் காட்டுவார்கள். சரி, அறிக்கை சொல்வது உண்மைதான். மற்ற வண்டிகளும் அப்போது அவ்வளவு யோக்கியமில்லை. ஆனால் நான் புல்லில் ஏறி நின்றதும் உண்மைதான்.

64: ஒரே ஒரு வருஷம்

பழைய உடலும் திருந்திய அடிப்பாகமும் சேர்ந்து கிடைப்பது இந்த ஒரு வருஷம் மட்டும். முன்னால் ஸ்டெபிலைசர் பார் எல்லா வண்டியிலும் வந்தது. பின்னால், டிஃபரன்ஷியலுக்கு அடியில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்கே ஒற்றை லீஃப் ஸ்பிரிங் ஒன்றைக் கட்டினார்கள். பின்பக்கச் சுமையில் ஒரு பங்கை அது தாங்கும். அதனால் காயில் ஸ்பிரிங்குகளை மெதுவாக்க முடிந்தது. லீஃபின் நடுப்பகுதி அசையும்படி இருப்பதால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அது எதிர்க்காது, இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும்போது மட்டும் எதிர்க்கும். நல்ல யோசனை. வளைவில் பின் சக்கரத்தின் மேல் விழும் பாரம் குறைந்தது, மடங்கும் பழக்கமும் வெகுவாகக் குறைந்தது. அடியில் இருப்பது இன்னமும் ஸ்விங் ஆக்சில்தான், டயர் காற்றுக் கணக்கும் இன்னமும் முக்கியம்தான். ஆனால் 63 ஓட்டிவிட்டு 64-ல் ஏறினால் வேறு வண்டி.

இன்ஜினும் மாறியது. சிலிண்டரின் அகலத்தைத் தொடாமல் பிஸ்டன் போய்வரும் தூரத்தை 66 மில்லிமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 75-க்கு நீட்டினார்கள். 145 கன அங்குலம் 164 ஆனது, அதாவது 2.7 லிட்டர். சாதாரண இன்ஜின் 95 குதிரைசக்தி, கூடுதல் காசுக்கு 110. காகிதத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, முந்தைய வருஷத்தின் நல்ல இன்ஜினே 102 கொடுத்தது. ஓட்டும்போது தெரியும். மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறும். என் 63 அதே மேட்டில் இரண்டாவதுக்கு இறங்கச் சொல்லிக் கெஞ்சும்.

இவ்வளவு நல்லதைச் செய்துவிட்டு, அடுத்த வருஷமே எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள் என்பதுதான் வேடிக்கை. 64-ன் பின் சஸ்பென்ஷனுக்கு ஆயுள் ஒரு வருஷம். அதற்கென்றே உள்ள சில உதிரிபாகங்களைத் தேடும்போது இது உறைக்கும்.

64-க்கு இன்னொரு குறை. சக்கரம் நான்கு போல்ட், 13 அங்குலம். இந்த அளவில் இப்போது நல்ல டயர் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகிக்கொண்டே வருகிறது. 65-லிருந்து ஐந்து போல்ட். மற்ற ஷெவர்லேக்களின் 14 அங்குல ரிம்மைத் தேடிப் போடும் வழியாவது உண்டு.

66 கோர்சா: ஆசைக்குரியது, ஆனால்

1965-ல் வந்தது புது உடல். இன்றைக்கும் தெருவில் நிறுத்தினால் இரண்டு பேராவது நின்று பார்ப்பார்கள். கதவுகளுக்கு நடுவில் தூணே இல்லாத சுத்தமான கோடு. எனக்கு அதைவிடப் பிடித்தது அடிப்பாகம். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் இரண்டு முனையிலும் மூட்டு வைத்த தனி ஷாஃப்ட், கீழே குறுக்கே ஒரு தண்டு, முன்னிருந்து பின்னோக்கி ஒரு கை. ஷெவர்லேவின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1963-ல் வந்த யோசனையின் தம்பி. அங்கே லீஃப் ஸ்பிரிங், இங்கே காயில். மேலே போனாலும் கீழே வந்தாலும் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். மடங்குவது என்ற பேச்சே முடிந்துபோனது. பிரேக் டிரம்மும் 9 அங்குலத்திலிருந்து 9.5 ஆனது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 65-ல் மட்டும் 2,35,000 வண்டிகளுக்கு மேல் செய்தார்கள்.

66-ல் வெளியே தெரியாத நல்ல மாற்றம் கியர் பெட்டி. மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கும் சின்க்ரோ வந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். நான்கு கியருக்கும் இன்னும் உறுதியான சாகினா பெட்டி வந்தது. 65, 66 இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால், கியர் மாற்றி ஓட்டுபவருக்கு 66 மேல்.

இனி இன்ஜின். 65-லும் 66-லும் நாலு வகை: 95, 110, 140, டர்போ வைத்த 180. தம்பி பார்த்தது 140. இன்ஜினின் இரண்டு பக்கமும் சிலிண்டர்களை மூடும் தலைகள், தலைக்கு இரண்டாக நான்கு கார்புரேட்டர். இரண்டு எப்போதும் வேலை செய்யும், மற்ற இரண்டும் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் மட்டும் திறக்கும். திறந்த பிறகு அது எழுப்பும் சத்தத்துக்காகவே வாங்குபவர்கள் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை மளிகைக் கடைக்குப் போய்வரும் வண்டியில் அந்த இரண்டும் திறக்காமலே கிடந்து உள்ளே கோந்து பிடிக்கும். நான்கையும் ஒரே சீராக வைப்பது ஒரு தனித் திறமை, பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு அது தெரியாது. அதைவிடப் பெரிய கவலை வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது போய் உட்காரும் வளையம். 140-க்குப் பெரிய வால்வு வைத்தார்கள். எப்போதாவது ஒரு முறை இன்ஜின் அளவுக்கு மேல் சூடேறியிருந்தால் சீட் கழன்று விழும் பழக்கம் இந்தத் தலைகளுக்கு உண்டு. விழுந்தால் தலையைக் கழற்றி, நல்ல பட்டறையில் புது சீட் அடித்துத்தான் ஆகணும். தலையை யாராவது ஏற்கனவே சரியாக வேலை பார்த்து, அதற்கு ரசீதும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். இந்த வண்டிக்காரரிடம் ரசீது இல்லை. "நல்லா ஓடுது" என்ற ஒரு வார்த்தைதான்.

180 டர்போவைப் பற்றி ஒரு வரி. அதில் கூடுதல் அழுத்தத்தைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட் கிடையாது, எக்சாஸ்டின் அடைப்பும் சின்ன கார்புரேட்டருமே காற்றழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும். பொறியியல் பாடமாகப் பார்க்க அருமை. முதல் கோர்வேராக வாங்க வேண்டாம்.

110 தான் நான் யாருக்கும் சொல்லும் இன்ஜின். இரண்டே கார்புரேட்டர், போதுமான இழுவை, அடித்துத் துவைத்தாலும் ஓடும். தம்பியின் பட்டியலில் 66-ல் ஒரு 110 இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

67: யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி

66-க்குப் பிறகு கோர்வேரில் ஷெவர்லேவுக்கு ஆர்வம் போய்விட்டது. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்து சந்தையையே திருப்பிவிட்டது, மஸ்டாங்குக்குப் போட்டியாக ஷெவர்லேவின் கமாரோ தயாராகிக்கொண்டிருந்தது, நேடரின் புத்தகம் வேறு. 1967-ல் கோர்சாவும் டர்போவும் போயின. பட்டியலில் 95, 110 மட்டும். 140 வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வருஷம் விற்றது 27,000 சொச்சம். இத்தனையும் கேட்டுவிட்டு இதைத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளிவிடாதீர்கள்.

67-ல்தான் பிரேக்குக்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது இதுதான். அதற்கு முந்தைய எல்லாக் கோர்வேரிலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே சிலிண்டர், ஒரே ஆயில் வழி. ஐம்பது அறுபது வருஷம் பழைய இரும்புக் குழாய், அதுவும் மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டும் ஊரில். எங்காவது ஒரு இடத்தில் குழாய் பொத்துக்கொண்டால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை, பெடல் தரையோடு போய்விடும். இரட்டைச் சிலிண்டரில் முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி. ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். அதே வருஷம் ஸ்டீயரிங் தண்டும் மோதினால் தானாக மடங்கும் வகைக்கு மாறியது. கோர்வேரின் ஸ்டீயரிங் பெட்டி முன் சக்கரங்களுக்கும் முன்னால் இருக்கிறது. பழைய வண்டியில் அங்கிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு நேராக ஓட்டுபவரின் மார்பைப் பார்த்து நிற்கும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

68-லும் 69-லும் நடந்தவை சட்டத்துக்காக: புகை குறைக்க இன்ஜினுக்குள் காற்றைச் செலுத்தும் பம்ப், பக்கவாட்டு விளக்குகள், தோள் பெல்ட், தலை சாய்ப்பான். நான்கு கதவு வண்டி 67-ஓடு முடிந்தது. 69-ல் வெறும் 6,000 வண்டி செய்துவிட்டு அந்த வருஷம் மே 14-ம் தேதி வில்லோ ரன்னில் வரிசையை நிறுத்தினார்கள். 69 அபூர்வம் என்று சொல்லி விலை கேட்பார்கள். அந்த விலைக்கு இயந்திரத்தில் கூடுதலாக ஒன்றுமில்லை.

தம்பி பார்த்த 67-ல் 110 இன்ஜின், இரண்டு கியர் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். இரண்டு கியர் என்றதும் முகம் சுளித்தார். சுளிக்க வேண்டியதில்லை. அது அவ்வளவு எளிமையான பெட்டி என்பதால்தான் இத்தனை வருஷம் தாங்குகிறது. நெம்புகோல் டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: இந்த ஆட்டோமேட்டிக்கில் பார்க் என்ற நிலையே கிடையாது. நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தே ஆகணும். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை தானாகவே போகும்.

எந்த வருஷமானாலும்

இரண்டு விஷயம் 60 முதல் 69 வரை மாறவேயில்லை. முதலாவது ஃபேன் பெல்ட். இன்ஜினின் கிராங்க் புல்லி செங்குத்தாகச் சுற்றுகிறது. குளிர்விக்கும் ஃபேனோ இன்ஜின் தலைமேல் படுத்துக்கொண்டு சுற்றுகிறது. நடுவில் பெல்ட் இரண்டு இடத்தில் செங்கோணமாக முறுக்கிக்கொண்டு போக வேண்டும். ரொம்ப இறுக்கினால் ஃபேன் பேரிங் போகும், தளர்வாக விட்டால் பெல்ட் எகிறி விழும். விழுந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் இன்ஜின் போகும். ஜெனரேட்டரையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் ஜெனரேட்டர் விளக்கு எரிந்த கணமே ஓரம் கட்ட வேண்டும். கோர்வேர் வைத்திருப்பவர் வண்டியில் ஒரு பெல்ட்டும் ஸ்பானரும் இல்லையென்றால் அவர் இன்னும் நடந்து வீட்டுக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது ஆயில் ஒழுகல். வால்வைத் தள்ளும் தண்டுகள் ஓடும் பன்னிரண்டு புஷ்ராட் குழாய்கள், குழாய்க்கு இரண்டு என 24 ஓ-ரிங், அதாவது ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். அந்தக் காலத்து ரப்பர் சூட்டில் கருகிக் கல்லாகிவிடும். கழற்றும்போது விரல் நகத்தால் தட்டினால் பிஸ்கட் போல உடையும். ஒழுகும் ஆயில் எக்சாஸ்டில் சொட்டி ஆவியாகும். 61-லிருந்து ஹீட்டருக்கான காற்று இன்ஜினின் உடம்பைச் சுற்றித்தான் வருகிறது. ஆகவே அந்த வாசனை நேராக உங்கள் மூக்குக்கு. இப்போது விட்டான் என்ற சூடு தாங்கும் ரப்பரில் ஓ-ரிங் கிடைக்கிறது. ஒருமுறை ஒழுங்காக மாற்றிவிட்டால் உங்கள் காலம் வரைக்கும் கவலையில்லை. என் வண்டிக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. இரண்டு சனியிலும் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

துரு தனி. 65-க்குப் பிந்தைய வண்டிகளில் முன் கண்ணாடியின் கீழ் மூலைகளைத் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் தகடு இருக்காது. கன்வர்டிபிளில் கதவுக்குக் கீழே ஓடும் பகுதி முக்கியம். மேல்கூரை இல்லாத வண்டியைத் தாங்குவதே அதுதான். இயந்திரக் கோளாறு எதையும் சரிசெய்துவிடலாம், உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. கோர்வேர் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற சங்கம், உற்பத்தி நின்ற அதே 1969-ல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. துருவை மட்டும் சரிசெய்ய முடியாது, பணத்தைத்தான் அதில் போட முடியும்.

அப்போ எது?

தம்பிக்கு ஒரு மனைவி, ஆறு வயதில் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போக ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் கனவு. கராஜில் ஸ்பானர் பெட்டி இருக்கிறது, ஆனால் இன்ஜின் தலையைக் கழற்றிய அனுபவம் இல்லை.

இந்தக் கணக்குக்கு 63 வேண்டாம் என்றேன். மலிவு என்று வாங்கி, முன்பக்க பார், பிரேக், ஓ-ரிங் என்று ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும்போது 66-ன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்போம். நான் வந்து நின்றேன். 66 கோர்சாவை ஐந்து வருஷம் கழித்து, கை பழகிய பிறகு வாங்கலாம். மிச்சம் சிவப்பு 64-ம் சாதுவான 67-ம்.

64 கெட்ட தேர்வு இல்லை. 67-ன் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பழைய வண்டிக்கும் குழாய் மாற்றிப் பொருத்திவிடலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங் தண்டை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது, பின் சஸ்பென்ஷனை மாற்றவே முடியாது. பின் சீட்டில் ஆறு வயதுப் பெண் இருக்கிறாள் என்றால் என் ஓட்டு 67-க்கு. நான்கு கதவு என்பதால் அவள் தானே ஏறி இறங்கலாம். நான்கு கதவு என்பதாலேயே விலையும் குறைவு. சேகரிப்பவர்களுக்கு இரண்டு கதவுதான் வேண்டும், அது நமக்கு லாபம்.

"இது தாத்தா வண்டி மாதிரி இருக்கே அண்ணே" என்றார். பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வண்டிக்காரரிடம் முந்தின நாளே போன் செய்து, சாயங்காலம் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்தி, பின்பக்கம் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிடச் சொன்னோம். காலையில் போய் அட்டையை இழுத்தோம். நடுவில் ஒன்று, வலப்பக்கம் வரிசையாக மூன்று, மொத்தம் நாலு சொட்டு. என் வண்டி ஒரு ராத்திரிக்குப் போடும் கோலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. முன் கண்ணாடி மூலை சுத்தம். டிக்கியைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தேன், பழைய இரட்டைச் சிலிண்டரே, ஆயில் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்க்கத் தம்பியை உட்காரவைத்தேன். திரும்பி வந்து நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டி மெதுவாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹேண்ட்பிரேக்!" என்று கத்தினோம். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே விலையில் கொஞ்சம் குறைத்தார்.